மேல்பலகையில் பதினோராவது வரி

பெயிண்டர் தன் மச்சானுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன்பட்டிருந்தார். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். பெயிண்டருக்கு மனைவி, மச்சானுக்குத் தங்கை. வாங்கி நாலு வருஷம் ஆகியும் மச்சான் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெயிண்டர் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார், இரண்டு பேரும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்திருப்பார்கள், மனசு லேசாகியிருக்கும். கேட்காத கடன் அப்படி இல்லை. சோற்றில் கை வைக்கும்போதும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெயிண்டர் கடன் வாங்கித் தின்ற ஆள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவர் கடையில் பிரஷ் கழுவியவர் அவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுத்தை அழகாக வரையத் தெரிந்துகொண்டார். லாரிகளின் பின்பக்கம் அவர் எழுதிய 'ஒலி எழுப்பவும்' என்பதைப் பார்த்து ஹாரன் அடித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று யார் கண்டது! பிளக்ஸ் பேனர் வந்தபோது மற்ற பெயிண்டர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் போய் முதல் மெஷினை வாங்கிப் போட்டார். அப்புறம் இரண்டாவது மெஷின். அப்புறம் கடைக்கு மேலே மாடி. யார் தயவும் இல்லாமல் எழுப்பிய மாடி.

அந்த மாடிதான் காலியாகக் கிடந்தது. தெருவுக்கெல்லாம் இன்டர்நெட் வயர் இழுத்துக் கொடுக்கும் ஆளை எல்லாரும் 'கேபிள்' என்றே கூப்பிடுவார்கள். டீ குடிக்க வந்த இடத்தில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, இப்போ பஸ் ஓட்டுற கேம்தான் ஓடுது. சீட்டு, ஸ்டீயரிங், கிளட்ச்சு எல்லாம் நிஜ வண்டி மாதிரியே வருது. ஆறு சீட்டு போட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

"நிஜ பஸ்ல ஏறவே ஜனங்க அலுத்துக்கிறாங்க. பொய் பஸ்ஸை ஓட்ட எவனாவது காசு கொடுப்பானா?"

"ஏறுறதுக்குத்தாண்ணே அலுப்பு. ஓட்டுறதுக்கு எல்லாருக்கும் ஆசை."

அந்த வருஷம்தான் மச்சான் ஓய்வு பெற்றிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு கண்ணாடிகூட உடைத்ததில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தங்கை வீட்டு சோபாவில் வந்து சாய்ந்துகொண்டு, ஆக்சிலேட்டர் இருக்கிற நினைப்பில் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருப்பார். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் மறுநாளே, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தா மாப்ளே. சீட்டைப் போடு. ஜன்னலோர சீட்டு எனக்கு."

முதல் நாள் முதல் ஆளாக உட்கார்ந்தவரும் அவரே. ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'ஹேண்ட்பிரேக்'. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டியை நிறுத்திப் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். பொய் பஸ் எங்கே உருண்டுவிடப் போகிறது என்று கேட்டால், "பழகின கை கேக்காது" என்பார்.

கூட்டம் சேர்ந்தது. இங்கே வருகிறவர்கள் போக, வீட்டிலிருந்தே ஓட்டுகிறவர்கள், வேறு ஊர்க் கடைகளில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் என்று முப்பது பேர் ஆனதும் லீக் ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருக்கும் ஒரே ரூட், ஒரே மழை, ஒரே பயணிகள். மார்க்கை ஆட்டமே போட்டுவிடும். முப்பது பேரையும் பத்துப் பத்தாகப் பிரித்து மேல்பலகை, நடுப்பலகை, கீழ்ப்பலகை என்று பெயர் வைத்தது பெயிண்டர்தான். நிஜமாகவே பலகை. வெள்ளை எனாமல் அடித்த மூன்று பலகைகளைச் சுவரில் மாட்டி, பெயர்களைத் தன் கையால் எழுதினார்.

"கம்ப்யூட்டர்ல தானா மாறிடும்ணே. இதுக்கு எதுக்கு பிரஷ்ஷு?" என்று கேபிள் சிரித்தார்.

"தானா மாறுறதை எவன்யா மதிப்பான்?"

பெயிண்டர் சொன்னது பலித்தது. வேறு ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டரில் பட்டியல் கண்ணெதிரே இருந்தும், "அண்ணே, பலகையில என் பேரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டு வாங்கி வீட்டுக்காரியிடம் காட்டினார்கள்.

ஏற்றம் இறக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எந்தப் புத்தகத்தையும் அவர் புரட்டவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டார். முதல் சீசனில் ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்குவது என்று வைத்தார். மேல்பலகைக்காரர்கள் ரிசர்வேஷன் சீட்டில் உட்கார்ந்த மாதிரி கால் நீட்டிவிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் இருந்தவர், ஏறவும் வழியில்லை இறங்கவும் பயமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வருவதையே விட்டார். அடுத்த சீசனில் கோபத்தில் ஐந்து பேர் ஏற்றம், ஐந்து பேர் இறக்கம் என்றார். எழுதிய பெயிண்ட் காய்வதற்குள் அழிக்க வேண்டியதாயிற்று. ஏறியவனுக்கு மூச்சு வாங்கவும் நேரமில்லை, இறங்கியவனுக்கு வெட்கப்படவும் நேரமில்லை. கடைசியில் மூன்று பேர் என்று நின்றது. பத்து ஓட்டத்தில் நல்ல எட்டை எடுத்துக்கொண்டு மட்டமான இரண்டைத் தள்ளிவிடுவது, கரண்ட் போனால் மறுபடி ஓட்டுவது, இதெல்லாம் போகப் போகச் சேர்ந்தவை.

இரண்டு விஷயம் மட்டும் முதல் நாளிலிருந்தே பெயிண்டரின் சொந்தச் சரக்கு. இறங்குகிறவர் பெயரைக் கீழே இருக்கும் பலகையின் கடைசியில் எழுதமாட்டார், முதல் வரியில்தான் எழுதுவார். இன்னொன்று, ஒரு பெயரை அதன் சொந்தக்காரர் முதுகுக்குப் பின்னால் அழிக்கமாட்டார். ஆள் நேரில் வர வேண்டும், அல்லது போனில் முகம் காட்ட வேண்டும். அப்புறம்தான் வெள்ளை பிரஷ் டப்பாவுக்குள் இறங்கும். இதையெல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். 'சீசன் நடுவில் விதி மாறாது' என்பது சிவப்பில்.

அந்த சிவப்பு வரிதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

ஐந்தாவது சீசனின் கடைசி ஓட்டத்துக்கு வரும்போது மச்சான் மேல்பலகையில் எட்டாவது. ஏழாவது ஆளைத் தாண்டினால் தப்பிக்கலாம். ஓட்டமும் நன்றாகத்தான் போனது. மழையில் ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திடீர் பிரேக் இல்லை. கடைசிக்கு முந்தின ஸ்டாப்புக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டார். மாடியே எழுந்து நின்றது. இந்த ஆட்டத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்பினால் கூடுதல் மார்க்கு. அப்படியே அழுத்திக்கொண்டு போயிருந்தால் ஆறாவது இடம்.

மச்சான் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சட்டைக் கையை விலக்கி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மச்சான், எடுங்க!" என்று பெயிண்டர் கத்தினார்.

"டைம் ஆகல."

"ஐயோ டிரைவரண்ணே, இது கேமு! எடுங்கண்ணே!" என்று கேபிள் தலையில் அடித்துக்கொண்டார்.

"டைமுக்கு முன்னாடி எடுத்துட்டா, பின்னாடி ஓடி வர்றவன் என்னய்யா பண்ணுவான்?"

திரையில் யாரும் ஓடி வரவில்லை. ஒரு நாய்கூட இல்லை. இரண்டு நிமிஷம் முழுசாக நின்று, பிரேக்கை எடுத்து, இண்டிகேட்டர் போட்டுக் கிளம்பினார். எட்டாவது எட்டாவதாகவே முடிந்தது.

நடுப்பலகையில் மூன்றாவதாக வந்து ஏறுவதற்கு நின்றவர் வேன் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், கணவரை இழந்தபின் அந்த வேனை வைத்தே இரண்டு பெண்களையும் படிக்க வைப்பவர். கீழ்ப்பலகையில் கடைசி வரியில் ஆரம்பித்து, சீசனுக்குச் சீசன் முட்டி மோதி வந்தவர். அன்றைக்கு வீட்டிலிருந்து ஓட்டியிருந்தார். போனில் அவர் போட்ட கூச்சல் மாடி முழுக்கக் கேட்டது.

மச்சான் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் செஞ்சதுதான் சரி மாப்ளே. கேமுதான் தப்பு. ஒழுங்கா ஓட்டினவன் இறங்கணும், டைமுக்கு முன்னாடி பறந்தவன் மேலே உக்காரணுமா? இதுவா உன் லீக்கு?"

"மார்க்கு போடுறது நான் இல்லையே மச்சான்."

"பேரை அழிக்கிறது நீதானே?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். கடனைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

வார்த்தை வீட்டில் வந்தது.

"அண்ணன் இத்தனை நாள் வாய் திறக்கல. நீங்க அவர் பேர்ல வெள்ளை அடிச்சீங்கன்னா திறப்பார்" என்றாள் மனைவி. "கேட்டா எடுத்து வைக்க இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன வீராப்பு? மூணு பேர் ஏறட்டும், யார் வேண்டாம்னா? ரெண்டு பேர் மட்டும் இறங்கட்டும். அந்தப் பலகையில ஒரு வரி சேர்த்து எழுத இடமா இல்ல? ஊர்ப்பட்ட பேரை லாரி முதுகுல எழுதின கைதானே இது?"

பெயிண்டருக்கு அது அமிர்தமாக இருந்தது. யாரும் அழ வேண்டாம், வேன் அக்காவும் ஏறிவிடுவார், மச்சானும் இருப்பார். நடுப்பலகையில் ஒரு வரி குறையும், குறையட்டுமே. மறுநாள் காலையில் முதல் வேலையாக மாடிக்குப் போய் மேல்பலகையை நூல் பிடித்து அளந்தார். எழுத்தை ஒரு விரல் அளவு சிறிதாக்கினால் பதினோரு வரி கச்சிதமாக அடங்கியது. பெருமையாக இருந்தது. சுண்ணாம்புக்கட்டியால் பதினோரு கோடு போட்டு நிமிரும்போது, வேனைக் கீழே நிறுத்திவிட்டு வேன் அக்கா மேலே வந்தார். தன் பெயரை எந்த வரியில் எழுதப் போகிறார்கள் என்று பார்க்கும் ஆசை.

பார்த்தார். கோடுகளை எண்ணினார்.

"என்னண்ணே, பதினொண்ணு இருக்கு?"

"நீயும் ஏறுறேம்மா, டிரைவரும் இருக்கார். யாருக்கும் நஷ்டம் இல்லாம ஒரு வழி பண்ணியிருக்கேன். எப்படி என் மூளை?"

"அடுத்த சீசன் மறுபடி பத்தாக்கணுமே. அப்போ எத்தனை பேர் இறங்கணும்?"

"நாலு."

"அந்த நாலாவது ஆள் யாரு?"

பெயிண்டர் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் உருட்டினார்.

"நான் சொல்றேன்" என்றார் வேன் அக்கா. "புதுசா ஏறினவதான் முதல்ல தடுமாறுவா. மேல்பலகை ஆளுங்களோட மோதுறது எனக்குப் புதுசு. பத்து பேர்ல ஏழு பேர் தப்பிக்கலாம்னு இருந்துச்சு, இப்போ பதினொரு பேர் அதே ஏழு இடத்துக்கு முட்டிக்கணும். டிரைவரண்ணன் இறங்க வேண்டியதை எடுத்து என் பேர்ல கடனா எழுதுறீங்க, அதானே?"

"அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி? அவருக்கு நீங்க காசு தரணும்னு இந்தத் தெருவுக்கே தெரியும். கடன் உங்களுது. வட்டி நான் கட்டணுமா?"

அப்போதுதான் பெயிண்டர் படிக்கட்டைப் பார்த்தார். மச்சான் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கை கைப்பிடியில். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. வேன் அக்காவும் திரும்பிப் பார்த்தார், ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. மச்சான் வந்த வழியே இறங்கிப் போனார்.

பெயிண்டர் வெகுநேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையால் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்த வரிக்கான விலையை யாரோ ஒருவர் அடுத்த சீசனில் கொடுத்தே ஆக வேண்டும். மேலே ஒருவருக்குத் தயவு காட்டினால் கீழே ஒருவர் தலையில் விடிகிறது. தன்னைத் தூக்கிவிட ஒருத்தர் இல்லாமல் ஏறி வந்த மனுஷன் அவர். மச்சான் பணம் கேட்பார் என்கிற பயத்துக்காக, தன்னைப் போலவே ஏறி வந்த ஒருத்தியின் காலை வாரிவிடுவதா? ஈரத் துணியை எடுத்துக் கோடுகளை எல்லாம் துடைத்தார். மறுபடி பத்து கோடு போட்டார்.

பலகை எழுதும் நாளன்று மச்சான் சொன்ன நேரத்துக்கு வந்தார், முன்னதாகவும் இல்லை, பின்னதாகவும் இல்லை. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. பெயிண்டர் வெள்ளை டப்பாவைத் திறந்தார்.

"மச்சான், கேபிள்கிட்ட பேசிட்டேன். டைமுக்கு முன்னாடி ஸ்டாப்பை விட்டுக் கிளம்பினா மார்க்கு வெட்டுற மாதிரி மாத்தலாமாம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அப்புறம், மூணாவது ஆள் நேரா ஏறுறதும் வேண்டாம், எட்டாவது ஆள் நேரா இறங்கறதும் வேண்டாம். ரெண்டு பேரும் தெரியாத ரூட்டுல ஒரு தடவை, தெரிஞ்ச ரூட்டுல ஒரு தடவை நேருக்கு நேர் ஓட்டட்டும். ஜெயிச்சவர் மேலே."

"நல்லாத்தான் இருக்கு. இந்த சீசனுக்கா?"

"அடுத்த சீசனுக்கு."

"இந்த சீசனுக்கு?"

பெயிண்டர் சுவரில் இருந்த சிவப்பு வரியைக் காட்டினார். மச்சான் அதை ஒருமுறை படித்தார். பிறகு டப்பாவைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடி. ஓரம் வரைக்கும் அடி. 'ஹே'யோட கொம்பு வெளியே தெரியுது பாரு."

அடித்தார். நடுப்பலகையின் முதல் வரியில் 'ஹேண்ட்பிரேக்' என்று எழுதினார். எழுதி முடிக்கும்வரை மச்சான் டப்பாவோடு நின்றார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, விரலில் பட்ட பெயிண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, என் காசைத் திருப்பிக் கொடுத்துடு. அடுத்த சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள."

நாலு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த வார்த்தை இதுதான். வந்தே விட்டது.

"தர்றேன் மச்சான்" என்றார் பெயிண்டர்.

இரண்டாவது பிளக்ஸ் மெஷினை விற்றார். அதில் பாதிதான் தேறியது. மீதிக்கு என்ன செய்வது? தண்ணீர் கேன் சப்ளை செய்யும் கம்பெனிக்காரர் வேன்களில் ஒட்டிய ஸ்டிக்கர் வெயிலில் உரிந்து, 'சுத்தமான' என்ற வார்த்தையில் 'மான' மட்டும் மிச்சம் இருப்பதாகப் பல நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். முட்டி வலி என்று பெயிண்டர் தட்டிக் கழித்து வந்தார். இப்போது தானே போய் நின்றார். இருபது வேன், இரண்டு பக்கமும், முதுகிலும். ஸ்டூலில் உட்கார்ந்து, சில இடத்தில் தரையில் படுத்து எழுதினார்.

"இந்த வயசுல வண்டிக்கு அடியில படுக்கணுமா? அண்ணன்கிட்ட நான் பேசறேன்" என்றாள் மனைவி. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கிடந்து தவிக்கிறேன்."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். வெந்நீர் மட்டும் வை, முட்டிக்கு."

கம்பெனிக்காரர் கடைசி வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அச்சு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். "அச்சுதான் இதைப் பார்த்துக் கத்துக்கிச்சு" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார் பெயிண்டர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சீசன் ஆரம்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம், பணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். கதவு சாத்தவில்லை. மச்சான் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பெரிய தட்டை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு கையாலும் இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். வலது கால் தரையை அழுத்தியது. ஆள் வந்ததைப் பார்த்ததும் தட்டைக் கவிழ்த்து வைத்து, தண்ணீர் ஜக்கை அதன்மேல் தூக்கி வைத்தார்.

"வா மாப்ளே."

பெயிண்டர் பையை மேஜையில் வைத்தார். "எண்ணிப் பாருங்க."

"எண்ணாம வாங்குவேனா?" எச்சில் தொட்டு, நிதானமாக எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்து, கட்டைத் திருப்பிப் போட்டு இன்னொருமுறை. "சரியா இருக்கு."

எழுந்திருக்க வேண்டிய பெயிண்டர் எழுந்திருக்கவில்லை.

"மச்சான், நாலு வருஷம் கேக்கல. அவ்வளவு கோபமா என் மேல?"

"கோபமா? உன் மேலயா?" மச்சான் ரப்பர் பேண்டை விரலில் சுற்றினார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு பேசினது என் காதுல விழுந்துச்சு. என் காசு உன்கிட்ட கிடக்கிற வரைக்கும் நான் அந்தப் பலகையில எங்க இருந்தாலும் அது உன் தயவும்பாங்க. நாளைக்கு நான் ஓட்டி ஜெயிச்சு ஏறினாலும், கடன்காரன் ஏத்திவிட்டாம்பாங்க. முப்பது வருஷம் ஓட்டினவன்யா நான். எனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

பெயிண்டர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்போ வர்றீங்களா? ஞாயித்துக்கிழமை?"

"ஜன்னலோர சீட்டு இருக்குல்ல?"

"யாரையும் உக்கார விடல."

மச்சான் கட்டிலிருந்து ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை உருவி, மேஜைமேல் பெயிண்டர் பக்கமாகத் தள்ளினார். "இந்தா, சீசன் கட்டணம். அப்புறம் பாக்கி கீக்கின்னு சொல்லாதே."

பெயிண்டர் தாள்களை எடுத்தார். பார்த்தார்.

"மச்சான், ஐநூறு மேல்பலகைக்கு. நடுப்பலகைக்கு முந்நூறுதான்."

மச்சான் ஒரு வினாடி முறைத்தார். பிறகு கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. பெயிண்டர் ஒரு நூறை அதில் வைத்தார். "ஒண்ணு" என்றார். அதன்மேல் இன்னொன்றை வைத்தார்.

"ரெண்டு."